12 ஏக்கரில் ஆராய்ச்சி வளாகம்: உயரமாகக் கட்டினால் போதுமா?

கேள்வி சுருக்கமாக இது: நகரத்துக்குள் 12 ஏக்கர் நிலம் கிடைத்திருக்கிறது, இனி ஒரு சென்ட் கூடக் கிடைக்காது. உயிரியல், வேதியியல், கொஞ்சம் இயற்பியல், கணினி எல்லாம் அதற்குள் வரவேண்டும். முப்பது நாற்பது வருடத்துக்கு ஈடுகொடுக்கிற மாஸ்டர் பிளான் போடுவது எப்படி? பேசாமல் இருபது மாடி கட்டிவிட்டால் தீர்ந்துவிடாதா?

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கமிட்டியில் உட்காருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். தீராது. ஐ.டி. கம்பெனிக்கு அது சரியான விடை. லேப் விஷயம் வேறு.

ஆபீஸ் கட்டடத்தில் ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் இடையே மூன்றரை மீட்டர் இருந்தால் வேலை நடக்கும். ரசாயனமும் தண்ணீரும் புழங்குகிற லேபுக்கு நாலரை மீட்டர் பக்கம் வேண்டும். அப்படியென்றால் 30 மீட்டர் உயரத்தில் ஆபீஸ் எட்டுத் தளம் வரும், லேப் ஆறுதான் வரும். காரணம் காற்று. ஆபீஸ் ஏசி அறைக் காற்றையே பெரும்பாலும் சுழற்றிக் குளிர வைக்கிறது. லேபில் ஒரு முறை வந்த காற்று திரும்ப உள்ளே போகக் கூடாது. மணிக்கு ஆறு முதல் பத்து முறை அறைக் காற்று முழுவதையும் வெளியே தள்ளிவிட்டுப் புதுக் காற்றைக் கொண்டுவர வேண்டும். அதற்கான டக்ட் (காற்றுக் குழாய்) எல்லாம் ஒவ்வொரு தளத்திலும் பொய்க்கூரைக்கு மேலே ஓடுகிறது. மின்விசிறி அறைகளும் செங்குத்துக் குழாய்ப் பாதைகளும் ஒவ்வொரு தளத்திலும் பங்கு கேட்கின்றன. நூறு சதுர அடி கட்டினால் ஆராய்ச்சிக்குக் கைக்கு வருவது ஐம்பத்தைந்து, அறுபது. உயரம் கூடக்கூட இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும்.

அடுத்தது ரசாயனம். அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் ஐ.பி.சி. (International Building Code) கட்டட விதித்தொகுப்பைப் பாருங்கள். தீப்பிடிக்கும் திரவம் போன்றவற்றைத் தரைத்தளத்தில் ஒரு பகுதிக்குள் இவ்வளவு வைக்கலாம் என்று ஓர் அளவு உண்டு. அதை 100 என்று வைத்தால், அடுத்த தளத்தில் 75, அதற்கடுத்ததில் 50. அதற்கு மேலே உள்ள மூன்று தளங்களில் தடாலென்று 12.5. அதையும் தாண்டினால் வெறும் 5. தீயணைப்பு வீரர் எத்தனை மாடி ஏறிப் போய் அணைக்க வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை. நம் ஊரில் அந்த விதி பொருந்தாது என்று சொல்லிவிடலாம். ஆனால் ஏணிவண்டியின் ஏணி எந்த ஊரிலும் ஓர் அளவுக்கு மேல் நீளாது. வேதியியல் துறையைப் பதினைந்தாம் மாடியில் வரைந்து காட்டும் ஆர்க்கிடெக்டிடம், அங்கே எத்தனை லிட்டர் கரைப்பான் வைக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, அதிர்வு. தரை நொடிக்கு 400 மைக்ரோமீட்டர் வேகத்தில் அசைந்தாலும் ஆபீஸில் யாரும் புகார் சொல்லமாட்டார்கள். நல்ல எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கு அந்த எண் 3 வரைக்கும் இறங்க வேண்டும். மண்ணின்மேல் நேரடியாக உட்கார்ந்திருக்கும் தளத்தில் இதைச் சாதிக்கலாம். மேல்மாடியில் பக்கத்தில் ஒருவர் நடந்து போனாலே கெட்டுவிடும்.

இது போக, உயரத்துக்குத் தரையிலேயே ஒரு வரி உண்டு. தமிழ்நாட்டு விதிகளில் 18.30 மீட்டரைத் தாண்டினால் உயர்மாடிக் கட்டடம்; சுற்றிலும் குறைந்தது 7 மீட்டர் செட்பேக் (எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே காலி இடம்) விட வேண்டும், 30 மீட்டரைத் தாண்டினால் அது இன்னும் கூடும். 12 ஏக்கர் சதுரமாக இருக்கிறது என்று வைத்தால், நாலு பக்கமும் 7 மீட்டர் விடுவதற்கே ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர் போகிறது.

ஆகவே என் பதில் இதுதான். நிலம் குறைவாக இருக்கிற இடத்தில் மாஸ்டர் பிளானை மேலிருந்து பார்க்கிற வரைபடமாகத் தொடங்காதீர்கள். முதலில் குறுக்குவெட்டு வரையுங்கள். எது மண்ணைத் தொட வேண்டும், எது மண்ணுக்குக் கீழே போகலாம், எது முதல் மூன்று நான்கு தளத்துக்குள் இருக்க வேண்டும், எது எங்கே இருந்தாலும் கவலையில்லை என்று ஒவ்வொன்றையும் பிரித்தால் பாதி முடிவுகள் தாமாக வந்துவிடும். தியரி ஆட்களும் கணினி ஆட்களும் எந்த உயரத்துக்கும் போவார்கள். வேதியியல் கீழே. உயிரியல் நடுவில். மைக்ராஸ்கோப், என்.எம்.ஆர். (பெரிய காந்தம் வைத்து மூலக்கூறுகளை ஆராயும் கருவி) எல்லாம் தரையில் அல்லது தரைக்கடியில்.

இதை நேர்த்தியாகச் செய்து காட்டியது லண்டனில் இருக்கும் உயிர்மருத்துவ ஆய்வு நிறுவனமான பிரான்சிஸ் கிரிக் இன்ஸ்டிட்யூட். 2016-இல் திறந்தார்கள். அதில் ஒன்றிணைந்த நிறுவனங்களில் ஒன்று மில் ஹில் புறநகரில் நாற்பது ஏக்கருக்கு மேல் வைத்திருந்தது. அதை விட்டுவிட்டு வந்து சேர்ந்த இடம், செயின்ட் பேன்க்ராஸ் ரயில் நிலையத்தின் ஓரம், பிரிட்டிஷ் நூலகத்தின் முதுகுப்பக்கம், மூன்றரை ஏக்கர். அவ்வளவு சின்ன நிலத்தில் சுமார் பத்து லட்சம் சதுர அடி, ஆயிரத்து ஐந்நூறு பேர். கோபுரம் கட்டவில்லை. மொத்தம் 12 தளம். அதில் 4 தளம் மண்ணுக்கடியில், அதாவது கட்டடத்தில் மூன்றில் ஒரு பங்கு கண்ணுக்கே தெரியாது. அதிர்வு தாங்காத கருவிகள் எல்லாம் அந்த அடித்தளங்களில். பக்கத்திலேயே ரயிலும் சுரங்க ரயிலும் ஓடுகிற இடத்தில் அதைச் செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள்: அதிர்வையும் மின்காந்தக் குறுக்கீட்டையும் சமாளிப்பது அங்கே வடிவமைப்பின் பெரும்பாடாக இருந்தது. மேலே பார்த்தால் இரண்டு பெரிய வளைந்த கூரைகள். அழகுக்கு வைத்தது என்று தோன்றும். அதற்குள் ஒளிந்திருப்பது காற்று, சூடு, குளிர் சம்பந்தப்பட்ட இயந்திரங்கள். ஆக, கீழே கருவி, மேலே இயந்திரம், நடுவில் மனிதர்கள்.

அங்கே ஒரு குறையும் சொல்லப்பட்டது. துறை என்ற பிரிவே வேண்டாம், எல்லாரும் கலந்து உட்காரட்டும் என்று திறந்த அமைப்பில் கட்டினார்கள். ஓர் ஆண்டுக்குள்ளேயே சத்தம் அதிகம், உட்கார்ந்து யோசித்து எழுத முடியவில்லை என்று ஆய்வாளர்கள் சிலர் சொன்னது பத்திரிகைகளில் வந்தது. இடம் மிச்சம் பிடிக்கிறோம் என்று எழுதும் மேசைகளை எல்லாம் ஒரே கூடத்தில் போடாதீர்கள். கதவை மூடிக்கொள்ளக் கூடிய சின்ன அறைகள் தளத்துக்கு நாலைந்தாவது வேண்டும்.

உயரமா நீளமா என்ற வழக்கில் இன்னொரு சாட்சி அமெரிக்க ஆர்க்கிடெக்ட் லூயிஸ் கான். பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்காக அவர் வடிவமைத்த ரிச்சர்ட்ஸ் மருத்துவ ஆய்வகம் 1960 வாக்கில் முடிந்தது. 45 அடிச் சதுரத் தளங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கோபுரங்கள், வெளியே செங்கல் குழாய்த் தண்டுகள். கட்டடக்கலை மாணவர்கள் இன்றும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். உள்ளே வேலை பார்த்தவர்களோ வெயில் கூசுகிறது என்று ஜன்னலில் அலுமினியத் தாள் ஒட்டினார்கள். சின்னச் சின்னத் தளங்களில் குழுக்கள் சிதறிப்போயின. அதே கான் 1965-இல் கலிபோர்னியாவில் சால்க் இன்ஸ்டிட்யூட்டைக் கட்டியபோது 65 அடி அகலம், 245 அடி நீளம், நடுவில் ஒரு தூண்கூட இல்லாத லேப் தளங்களைக் கொடுத்தார். ஒவ்வொரு லேப் தளத்துக்கும் மேலே ஆள் நிமிர்ந்து நடக்கக்கூடிய 9 அடி உயரக் குழாய்த் தளம். உயரக் கட்டுப்பாடு இருந்ததால் கீழ்த் தளங்களை மண்ணுக்குள் இறக்கி, வெளிச்சக் கிணறுகள் வெட்டினார். அந்தக் குழாய்த் தளத்தை உங்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். உயரத்தில் பாதியைத் தின்றுவிடும். எடுத்துக்கொள்ள வேண்டியது நீளமான, தடையில்லாத தளம்.

சரி, நீளமாகக் கட்ட நிலம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். இந்த இடத்தில்தான் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தைப் பார்க்க வேண்டும். உங்கள் நிலைமைக்கு அதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது.

1901-இல் மருத்துவ ஆய்வு நிறுவனமாகத் தொடங்கியது. 1906-இல் நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவில் ஈஸ்ட் ரிவர் கரை மேட்டில் முதல் கட்டடம் திறந்தார்கள். சுமார் 14 ஏக்கர். ஒரு பக்கம் யார்க் அவென்யூ, பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரிகள், கிழக்கே ஆறு. அந்த ஆற்றுக்கும் வளாகத்துக்கும் நடுவே, மேட்டுக்குக் கீழே, எஃப்.டி.ஆர். டிரைவ் என்ற விரைவுச்சாலை. பெருக வழியே இல்லை. இத்தனைக்கும் நடுவில், 1950களில் நிலக்காட்சி வடிவமைப்பாளர் டான் கைலி வடிவமைத்த தோட்டம் வேறு இருக்கிறது. புது லேப் வேண்டும் என்று வந்தபோது யாருக்கும் முதலில் தோன்றுவது இரண்டு வழி: தோட்டத்தில் கட்டு, இல்லையென்றால் எங்காவது கோபுரம் எழுப்பு.

அவர்கள் இரண்டையும் செய்யவில்லை. விரைவுச்சாலைக்கு மேலே இருந்த வெற்றிடத்தில் கட்டினார்கள். அந்த வான்வெளி உரிமையை 1970களிலேயே நகர நிர்வாகத்திடமிருந்து வாங்கி வைத்திருந்தது பல்கலைக்கழகம். நாற்பது வருடம் அது காகிதத்திலேயே கிடந்தது. கடைசியில் ஆர்க்கிடெக்ட் ரஃபேல் வின்யோலியின் வடிவமைப்பில், சாலை ஓரத்து ஒல்லியான பட்டைகளில் தூண் நட்டு, அதன்மேல் இரண்டே தளம், பல பிளாக் நீளத்துக்கு ஒரு லேப் கட்டடம். 2019-இல் திறந்தார்கள். கூரை வளாகத்தின் தரைமட்டத்தோடு சேர்ந்துகொள்கிறது, அதன்மேல் தோட்டம். பின்னால் இருக்கும் பழைய கட்டடங்களுக்கு ஆறு மறையவில்லை. 14 ஏக்கர் 16 ஆனது.

கட்டிய விதமும் தெரிந்துகொள்ள வேண்டியது. பகலில் அந்தச் சாலையை மூடவே முடியாது. அதனால் கட்டடத்தின் இரும்புச் சட்டகத்தை 19 பெருந்துண்டுகளாக நியூ ஜெர்ஸியில் செய்து, படகு மேடையில் ஏற்றி ஆற்று வழியே கொண்டுவந்து, 2016 கோடையில் நள்ளிரவுகளில் சாலையை மூடி, மிதக்கும் ராட்சதக் கிரேனால் தூக்கி வைத்தார்கள். பெரிய துண்டு 800 டன் வரைக்கும். விடிவதற்குள் சாலையைத் திறந்துவிட வேண்டும்.

உலகத்தில் எத்தனை நிறுவனத்துக்கு அந்தப் பணம் இருக்கிறது என்பது நியாயமான கேள்வி. நான் பணத்துக்காகச் சொல்லவில்லை. இதே வின்யோலி, வர்ஜீனியாவில் ஜெனீலியா ஆராய்ச்சி வளாகத்தை 2006-இல் முடித்தார். அங்கே 600 ஏக்கருக்கு மேல் நிலம். அங்கேயும் அவர் கட்டியது குன்றுச் சரிவில் படுத்திருக்கிற நீளமான, உயரம் குறைந்த கட்டடம்தான், கூரையில் புல். நிலம் கொட்டிக் கிடந்த இடத்திலும் நிலமே இல்லாத இடத்திலும் ஒரே வடிவம். இந்த வடிவத்துக்கு ஒரு காரணம் உண்டு. எம்.ஐ.டி.யில் தாமஸ் ஆலன் என்ற ஆய்வாளர் 1970களில் காட்டியதுபோல, இரண்டு பேர் உட்காரும் இடத்துக்கு நடுவே தூரம் கூடினால் பேச்சு வேகமாகக் குறைகிறது; ஐம்பது மீட்டரைத் தாண்டினால் வாரம் ஒருமுறை பேசுவதே அரிது. நடுவில் லிஃப்ட் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். லிஃப்டுக்காகக் காத்திருந்து யாரும் அரட்டை அடிக்கப் போவதில்லை.

இன்னொன்று, ராக்ஃபெல்லர் வாங்கி வைத்திருந்த அந்த வான்வெளி உரிமைப் பத்திரம். மாஸ்டர் பிளான் என்றால் கட்டடம் போடுவது மட்டும் என்று நினைத்துவிடுகிறோம். உங்கள் நிலத்தை ஒட்டி என்ன இருக்கிறது? மாநகராட்சிச் சாலையா, மழைநீர்க் கால்வாயா, மின்வாரிய நிலமா, அடுத்த கல்லூரியின் மைதானமா? சாலைக்கு மேலே நடைபாலம், அடியில் குழாய்ச் சுரங்கம், பக்கத்து நிலத்தில் வண்டி திரும்ப வழியுரிமை இவற்றுக்கெல்லாம் இப்போதே மனு போடுங்கள். பயன்படுத்தப் போவது அடுத்த தலைமுறையாக இருக்கலாம், பரவாயில்லை.

இப்போது யாரும் வரைய விரும்பாத பகுதி: பின்வாசல். திரவ நைட்ரஜன் டேங்கர், சிலிண்டர் லாரி, ரசாயனக் கழிவு வண்டி, ஜெனரேட்டருக்கு டீசல், கேன்டீன் காய்கறி. இவை எல்லாம் தினமும் வரும். முன்வாசல் அழகாக இருக்கும்; டேங்கர் திரும்ப இடமில்லாமல் ரிவர்ஸிலேயே வந்து ரிவர்ஸிலேயே போகும். அப்படிப்பட்ட வளாகம் ஒன்றில் மரத்தடியில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு காவலாளியின் முழுநேர வேலையே விசில் ஊதுவதுதான். நைட்ரஜன் டேங்கைப் பேஸ்மென்டில் ஒளிக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயு. மூடிய இடத்தில் கசிந்தால் மணமும் தெரியாது, ஆக்ஸிஜன் குறைந்து ஆள் சாய்ந்துவிடுவார். அதற்குத் திறந்த முற்றம் வேண்டும், அதுவும் டேங்கர் வந்து நிற்கக் கூடிய ஓரத்தில். ஆகவே நிலத்தின் ஒரு நீள ஓரத்தை முழுக்கச் சேவைச் சாலையாக ஒதுக்குங்கள். தீயணைப்பு வண்டிக்கும் அதுவே வழி, செட்பேக்கும் அதிலேயே கழிந்துவிடும். சில்லர் (குளிர்நீர் இயந்திரம்), டிரான்ஸ்ஃபார்மர், ஜெனரேட்டர் ஆகியவற்றைக் கட்டடத்துக்கு ஒன்றாகப் போடாமல் அந்த ஓரத்தில் ஒரே கூடமாக வையுங்கள். அங்கிருந்து ஆள் குனியாமல் போகக்கூடிய குழாய்ச் சுரங்கம் எல்லாக் கட்டடத்துக்கும். முதல் கட்டத்திலேயே சுரங்கத்தை முழு நீளத்துக்குப் போட்டுவிட வேண்டும். பிறகு போடலாம் என்றால் பிறகு போடவே மாட்டார்கள்.

காற்றுத் திசை பற்றியும் சொல்லிவிடுகிறேன், நெருக்கமான வளாகத்தில் இது நிஜமான ஆபத்து. ஃபியூம் ஹூட்டின் (ரசாயன ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி) புகைபோக்கி கூரைக்கு மேலே குறைந்தது 3 மீட்டர் நிற்க வேண்டும் என்பது பொது வழக்கம். முதல் கட்டத்தில் நான்கு மாடி வேதியியல் கட்டடம் வருகிறது, எல்லாம் விதிப்படி. பத்து வருடம் கழித்துப் பக்கத்தில் எட்டு மாடி எழும்புகிறது. பழைய கட்டடத்தின் புகை புதுக் கட்டடத்தின் ஆறாவது மாடிக் காற்றுவாங்கிக்குள் நேராகப் போகும். இரண்டு ஆர்க்கிடெக்ட்டும் தப்பே செய்யவில்லை, மாஸ்டர் பிளான்தான் கோட்டை விட்டது. அதனால் ஒவ்வொரு மனைக்கும் கட்டடத்தின் உயர உச்சவரம்பையும் புகைபோக்கியின் உச்சியையும் இன்றைக்கே எழுதிவிடுங்கள். புகை விடும் கட்டடங்கள் காற்று பெரும்பாலும் போகிற திசையில், கடைசியில்.

காலக் கணக்குக்கு வருவோம். லேபின் குழாயும் காற்றும் மின்சாரமும் இருபது இருபத்தைந்து வருடத்தில் கிழடாகிவிடும். அப்போது முந்நூறு பேரை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்? 12 ஏக்கரையும் இரண்டு கட்டத்தில் நிரப்பிவிட்ட வளாகத்துக்கு இதற்கு விடையே கிடையாது. ஒரு கட்டடம் கொள்கிற அளவு மனை எப்போதும் காலியாக இருக்க வேண்டும், வயலில் ஒரு பங்கைத் தரிசு போடுவதுபோல. மூன்றாவது கட்டடத்தை அங்கே கட்டி, முதல் கட்டடத்து ஆட்களை அதற்கு மாற்றி, முதலாவதை இடித்தால் அந்த இடம் அடுத்த தரிசு. அதுவரை அங்கே வாலிபால் ஆடட்டும். ஆனால் வரைபடத்தில் “மைதானம்” என்று எழுதாதீர்கள், “எதிர்கால லேப்” என்று எழுதுங்கள். மைதானம் என்று பெயர் வந்துவிட்டால் பிறகு யாரும் தொடவிட மாட்டார்கள். அப்புறம், பழையதை எல்லாம் இடித்தே தீர வேண்டும் என்றில்லை. ராக்ஃபெல்லரிலேயே ஸ்மித், ஃப்ளெக்ஸ்னர் என்ற இரண்டு பழைய கட்டடங்களைப் புதுப்பித்து, நடுவில் கண்ணாடி இணைப்பு போட்டு ஒன்றாக்கியிருக்கிறார்கள். இந்த விளையாட்டெல்லாம் நடக்க வேண்டுமென்றால் தூண்கள் 6.6 மீட்டர் இடைவெளியில் இருக்கட்டும். 3.3 மீட்டர் என்பது இரண்டு பக்கமும் மேசை, நடுவில் இரண்டு பேர் முதுகு உரசாமல் போகும் வழி. அதன் இரட்டிப்பு 6.6. இன்று லேப், நாளை ஆபீஸ், மறுநாள் லேப் என்று மாற்ற இந்த அளவு ஒத்துழைக்கும்.

பொதுவில் வைக்கக் கூடியதைப் பொதுவில் வையுங்கள். சிங்கப்பூரில் பயோபோலிஸ் என்ற உயிர்மருத்துவ ஆய்வு வளாகத்தின் முதல் கட்டம் 2003-இல் திறந்தது. ஏழு கட்டடம், மேலே ஆகாயப் பாலங்களால் கோத்திருக்கிறார்கள். ஆய்வு விலங்குக் கூடம், அரங்கங்கள் போன்றவை நிறுவனத்துக்கு ஒன்றாக இல்லாமல் எல்லாருக்கும் பொது. மழையில் நனையாமல் பாலத்தில் நடந்து போய்ப் பக்கத்துக் கட்டடத்துக் கருவியைப் பயன்படுத்த முடிந்தால், துறைத் தலைவர்கள் “எனக்கும் ஒன்று” என்று கேட்பது குறையும். முழுக்க நிற்காது, அது வேறு கதை.

கார் நிறுத்தம். ஒரு காருக்கு வழியோடு சேர்த்து 28 சதுர மீட்டர் என்று வைத்தால், 400 காருக்கு ஏறக்குறைய 2.75 ஏக்கர். உங்கள் நிலத்தில் கால்வாசிக்குக் கொஞ்சம் கம்மி, காலையில் வந்து மாலை வரை சும்மா நிற்கும் இரும்புக்கு. விதி கேட்கிற குறைந்தபட்சத்தைச் சேவைக் கூடத்தின்மேல் அடுக்கு நிறுத்தமாகப் போட்டுவிட்டு, மிச்சப் பணத்தில் ரயில் நிலையத்திலிருந்து வேன் விடுங்கள். பேஸ்மென்டில் கார் வைக்கவே வைக்காதீர்கள், அந்த இடம் மைக்ராஸ்கோப்புக்கு வேண்டியது. ஓடுகிற கார் காந்தப்புலத்தையும் கலைக்கும்.

ஆர்க்கிடெக்டைக் கூப்பிடுவதற்கு முன்னால் கையில் இருக்க வேண்டியவை சில உண்டு. எந்தெந்தக் கருவி வரப்போகிறது என்ற பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எடை, உயரம், தாங்கும் அதிர்வு, காந்தப்புல எல்லை. நிலத்தில் பல இடங்களில் ஒரு முழு வாரத்துக்கு எடுத்த அதிர்வு அளவு. ராத்திரி ஓடுகிற சரக்கு ரயிலும் லாரிகளும் அதில் விழ வேண்டும். காற்றுத் திசைப் பதிவு. வெட்டக் கூடாத மரங்களின் சர்வே. அப்புறம் நிலத்தடி நீர்மட்டம்; அதை மே மாதத்தில் எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு இன்னொரு தடவை எடுங்கள். பேஸ்மென்ட் இரண்டு தளமா ஒன்றா என்பதை அந்த இரண்டாவது எண்தான் முடிவு செய்யும்.